எனக்கெதிராக என் கையெழுத்து

சட்டம் படித்தவனை மற்றவர்கள் ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம். அதற்கு இன்னொரு சட்டம் படித்தவன்தான் வர வேண்டும். எனக்கு வந்தவன் வெளியாள் இல்லை. ஐந்து வருடம் என்னோடு ஒரே பஸ்ஸில் வேலூருக்குப் போய் வந்தவன், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், பிறகு ஆரணியில் என்னோடு ஒரே அறையில் போர்டு மாட்டியவன். இதை எழுதும்போதுகூட அவன்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறிய பிறகு எழுதலாம் என்று ஐந்தாறு வருடம் பொறுத்துப் பார்த்தேன். ஆறுகிற வழியாகத் தெரியவில்லை, அதனால் சூட்டோடு எழுதுகிறேன்.

நான் ஆரணியை ஒட்டிய ஒரு ஊராட்சியில், காலனியில் பிறந்தவன். அப்பா கரும்பு வெட்டப் போவார். அம்மா நாற்று நட, களை எடுக்கப் போவாள். வீட்டில் முதல் பட்டதாரி நான், தெருவிலேயே முதல் வக்கீலும் நான்தான். அவன் டவுனில் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. அவன் அப்பாவும் அண்ணனும் முதலாளி கொடுக்கிற பாவு நூலை வீட்டுத் தறியில் ஏற்றிக் கூலிக்குச் சேலை நெய்தார்கள். காலை பஸ்ஸில் அவன் ஆரணியிலேயே ஏறி, எனக்கும் சேர்த்து ஒரு கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைப்பான். கண்ணமங்கலம் தாண்டினால் அந்தப் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. என் பங்கு இடத்துக்காக அவன் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் நீதிபதி தேர்வுக்குத் தயார் செய்தார்கள், மீதிப் பேர் சென்னை சீனியர்களைத் தேடிப் போனார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் வேறு பைத்தியம் பிடித்திருந்தது. மூன்றாம் வருடத்திலிருந்தே ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பட்டா, முதியோர் உதவித் தொகை, தெருவிளக்கு என்று எல்லாவற்றுக்கும் மனு. அதைத் தூக்கிக்கொண்டு திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸ் போவோம். கலெக்டர் ஆபீஸிலிருந்து அது தாலுகாவுக்குப் போகும், தாலுகாவிலிருந்து ஒன்றியத்துக்கு வரும், ஒன்றியத்திலிருந்து கடைசியில் எங்கள் ஊராட்சி ஆபீஸ் மேசைக்கே வந்து சேரும். யார்மேல் புகார் சொன்னோமோ அவரே அதற்குப் பதில் எழுதுவார். இப்படி ஏழெட்டு மனு சுற்றி வந்த பிறகு ஒரு நாள் பஸ்ஸில் அவன் சொன்னான்.

“எல்லாம் சுத்திகினு அந்த மேசைக்குத்தான வருது? அப்ப நாமளே போயி அந்த மேசையில குந்திக்கலாம்டா.”

அன்றைக்கு முடிவானது எங்கள் அரசியல். நான் எங்கள் ஊராட்சிக்குத் தலைவர், அவன் ஆரணி நகராட்சியில் கவுன்சிலர். சட்டம் தெரிந்த இரண்டு பேர் உள்ளே போய்விட்டால் எந்தக் கொம்பனாலும் நம்மை அசைக்க முடியாது என்று நம்பினோம். சட்டம் தெரிந்தவனைச் சட்டத்தாலேயே அசைக்கலாம் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அறை எடுத்தோம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கட்சிக்காரர்கள் உட்கார ஒரு பெஞ்சு. மேசையின் இழுப்பறைக்கு இரண்டு சாவி, ஆளுக்கு ஒன்று. அதற்குள் எங்கள் இருவரின் கையெழுத்தோடு எழுதாத தாள்கள் எப்போதும் ஒரு கட்டு இருக்கும். வாய்தா மனு, மெமோ, நகல் கேட்கும் மனு என்று எல்லாவற்றிலும் கீழே கையெழுத்து மட்டும் போட்டிருக்கும், மேலே வெறுமையாக இருக்கும். வெளியாளுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். ஆனால் சின்ன ஊரில் கூட்டாகத் தொழில் செய்கிற வக்கீல்களைக் கேட்டுப் பாருங்கள். நான் போளூர் கோர்ட்டில் மாட்டிக்கொண்டால் ஆரணியில் என் வழக்கை யார் பார்ப்பது? அவன் இழுப்பறையைத் திறந்து என் கையெழுத்துள்ள தாளில் விஷயத்தை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான். அவனுக்கு நானும் அப்படித்தான். பெண்டாட்டியிடம்கூட வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதவன் கூட்டாளி வக்கீலிடம் கொடுப்பான். எங்கள் தொழிலுக்கே உரிய முட்டாள்தனம் அது.

அப்போதுதான் சாயத்தண்ணி வழக்கு வந்தது.

எங்கள் ஊராட்சியில் மேல்தெருவில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிற பட்டறை ஒன்று உண்டு. அதன் முதலாளி பத்து வருடம் ஊராட்சித் தலைவராக இருந்தவர். சுற்று வட்டாரத்தில் பல தறிகளுக்குப் பாவும் பட்டும் கொடுத்து நெய்து வாங்குகிறவர். அவர் தலைவராக இருந்தபோது ஊராட்சிச் செலவில் ஒரு கழிவுநீர்க் கால்வாய் கட்டினார். அது பட்டறைக்குப் பின்னால் ஆரம்பித்து எங்கள் காலனி போர் குழாய்க்குப் பத்தடி தள்ளி முடியும். முடியும் என்றால், அத்தோடு கால்வாயைக் காணோம். தண்ணி பாட்டுக்கு மண்ணில் போய்க்கொண்டிருக்கும். ஒரு நாள் அரக்குச் சிவப்பு, ஒரு நாள் மயில் கழுத்துப் பச்சை. “இந்த மொகூர்த்தத்துக்கு இன்னா கலரு ஓடுதுன்னு கடைக்காரனுக்கு முந்தி நமக்குத் தெரிஞ்சிடுது” என்று காலனிப் பெண்கள் கேலி பேசுவார்கள். போர் தண்ணியில் சோறு வடித்தால் ஒரு மஞ்சள் படிந்து நிற்கும்.

வழக்கின் வாதி என் அத்தை. சொந்த அத்தை இல்லை, அப்பாவுக்குப் பங்காளி வழியில் தங்கை முறை. புருஷன் இல்லை, ஒரே மகள். அவள் வீடுதான் கடைசி வீடு, மழை பெய்தால் சாயத்தண்ணி அவள் அடுப்படி வரைக்கும் வரும். மற்றவர்கள் பட்டறை முதலாளிக்குப் பயந்து ஒதுங்கியபோது, நூறு நாள் வேலை முடிந்து மண்வெட்டியோடு அப்படியே எங்கள் மாடி ஏறி வந்து, “எங்க வைக்கணும்னு சொல்லு” என்று கட்டைவிரலை நீட்டியவள் அவள்தான். ஊராட்சியை எதிர்த்து முன்சீப் கோர்ட்டில் தாவா போட்டோம். கால்வாயைக் காலனி பக்கத்திலிருந்து திருப்பி விட வேண்டும், அவ்வளவுதான் கேட்டோம். வக்காலத்தில் இரண்டு பேர் பெயரும் போடலாம் என்றேன்.

“ஒங்க ஊரு கேஸுடா. ஒன் பேரு மட்டும் இருக்கட்டும். நாளைக்கி எலெக்‌ஷன்ல நிக்கசொல்ல பேரு வரும்” என்றான் அவன்.

அந்தச் சொல்லில் அப்போதே சூது இருந்ததா, இல்லை பாசத்தில்தான் சொன்னானா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பல ராத்திரி யோசித்திருக்கிறேன். பாசம் என்று வைத்துக்கொண்டால் இன்னும் எரிகிறது.

வழக்கு வழக்கம்போல வாய்தாவில் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்தது. எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி இந்த முறை எங்கள் மக்களுக்கு ஒதுக்கீடு. எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. சுழற்சி முறையில் இரண்டு தேர்தலுக்கு இந்த ஒதுக்கீடு இருக்கும், அதற்கப்புறம் கைமாறிவிடும். என் வாழ்நாளில் மறுபடி வருமா என்பதே சந்தேகம். செய்தி கேட்டதும் அவன்தான் என்னைத் தூக்கிச் சுற்றினான். ஜெராக்ஸ் கடைக்காரர் என்னமோ ஏதோ என்று மேலே ஓடி வந்துவிட்டார்.

அன்றைக்கு மாலையே சட்டப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்ததும் அவன்தான். ஊராட்சிக்கு எதிராக வக்கீலாக இருக்கிறவன் அந்த ஊராட்சியின் பதவிக்குத் தேர்தலில் நிற்கத் தகுதி இல்லை என்று அதில் இருந்தது. படிக்கிற காலத்தில் பரீட்சைக்கு மட்டும் மனப்பாடம் செய்து மறந்த விஷயம்.

“சாயத்தண்ணி கேஸ்ல நீதான வக்கீலு? மாத்திடு. மாத்து வக்காலத்துல ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடு, அந்தக் கேஸ நான் நடத்துறேன். நீ ஜெயிச்சி வந்து ஊராட்சி சார்பா ‘வாதி கேக்குறது நியாயம்தான்’னு சொல்லிடு. ரெண்டே வாய்தாவுல தீர்ப்பு. சாயத்தண்ணி திரும்பிடும்.”

எவ்வளவு அழகான யோசனை. வாதி பக்கம் அவன், பிரதிவாதி நாற்காலியில் நான். கோர்ட்டும் நம்முடையது, ஊராட்சியும் நம்முடையது. ஒரு செவ்வாய்க்கிழமை அந்த மாற்று வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு அவன் கையில் கொடுத்தேன். அத்தையையும் வரச்சொல்லி அதில் ரேகை வாங்கினோம். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நான் வை என்றேன், வைத்தாள். அன்றைக்கு மத்தியானம் நானும் அவனும் பிரியாணி சாப்பிட்டோம். அவன் தட்டிலிருந்த கறித்துண்டை எடுத்து என் தட்டில் போட்டு, “தலைவர் தெம்பா இருக்கணும்” என்றான்.

அதற்கப்புறம் நான் அறைப்பக்கமே போகவில்லை. ஓட்டு கேட்கப் போய்விட்டேன். நெசவுத் தெருவில் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினேன். வேலைக்குப் போகிற பெண்களை வரப்பிலேயே மறித்து நின்று பேசினேன். அம்மா எனக்கு முன்னால் வீடு வீடாகப் போய், “எம்மவன் நிக்கிறான், ஒங்க வூட்டுப் புள்ளயா நெனச்சிக்கோங்க” என்று சொல்லிவிட்டு வருவாள். மேல்தெருவுக்குள் ஆயுசில் முதல் தடவையாக, கூலி கேட்கிற தோரணை இல்லாமல் ஓட்டு கேட்கிற தோரணையில் போனாள். அந்தப் பத்து நாளில் அம்மாவின் நடையே மாறிப்போயிருந்தது.

மனுத் தாக்கல் செய்வதற்கு முந்தின நாள் அவனுக்குப் போன் போட்டு, வக்காலத்து என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“போட்டாச்சி” என்றான். அந்த ஒரு சொல்தான்.

கையில் போன் இருந்தது. போனில் கோர்ட் செயலி இருந்தது. வழக்கு எண்ணைத் தட்டினால் யார் வக்கீல் என்று ஒரு நொடியில் காட்டிவிடும். கட்சிக்காரர்களுக்குத் தினம் நூறு தடவை தட்டிப் பார்த்துச் சொல்கிறவன் நான். எனக்காக ஒரு தடவை தட்டிப் பார்க்கவில்லை. அவன் சொன்ன பிறகு பார்ப்பது அவனைச் சந்தேகப்பட்டதுபோல ஆகிவிடும் என்று தோன்றியது. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

வேட்புமனுப் பரிசீலனை ஒன்றிய அலுவலகக் கூட்ட அறையில் நடந்தது. என் பெயரை வாசித்ததும் பட்டறை முதலாளியின் ஆள் ஒருவர் எழுந்து, “ஆட்சேபணை இருக்குதுங்க” என்றார். பிளாஸ்டிக் உறையிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். சாயத்தண்ணி வழக்கின் பிராது நகல் ஒன்று, கடைசி வாய்தாவின் நடவடிக்கைக் குறிப்பு நகல் ஒன்று. இரண்டும் கோர்ட் முத்திரையோடு சான்றிட்ட நகல்கள். இரண்டிலும் வாதிக்கு வக்கீல் நான்.

நான் நிதானமாகத்தான் எழுந்தேன். “அது பழைய நெலவரம் சார். வக்காலத்து மாத்தியாச்சு” என்றேன். தேர்தல் அதிகாரி நல்ல மனிதர்தான், கத்தவில்லை. “ஏதாவது ஆதாரம் காட்டுங்க சார்” என்றார். போனில் செயலியைத் திறந்தேன். வழக்கு எண். வாதியின் வக்கீல்: என் பெயர். மூடித் திறந்து பார்த்தேன். மறுபடியும் என் பெயர். அவனைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது போன் அணைக்கப்பட்டிருந்தது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கோர்ட் ஆபீஸில் தாமதம் ஆகியிருக்கும், ஏதோ குறை சொல்லித் திருப்பியிருப்பார்கள் என்று அவனுக்காக நானே மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். பழக்க தோஷத்தில் அந்த நகலைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். சான்றிட்ட நகலின் பின்னால் ஒரு முத்திரை இருக்கும். நகல் கேட்டவர் யார், மனு எந்தத் தேதியில் வந்தது, நகல் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும். வக்கீலைத் தவிர யாரும் அதைப் படிக்க மாட்டார்கள்.

நகல் கேட்டவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. என்னை வெட்டுகிற கத்திக்கு விண்ணப்பம் போட்டதே நான்தான். இழுப்பறையில் இருந்த என் கையெழுத்துத் தாளில் ஒன்றை எடுத்து எழுதிக் கொடுத்திருக்கிறான். மனு வந்த தேதியையும் பார்த்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை. காலையில் என்னிடம் மாற்று வக்காலத்தில் கையெழுத்து வாங்கி, மத்தியானம் தன் தட்டிலிருந்து எனக்குக் கறி எடுத்துப் போட்டுவிட்டு, சாயந்திரம் கோர்ட்டில் போய் அந்த மனுவைக் கொடுத்திருக்கிறான்.

“நீங்களே வக்கீல் சார். நான் வேற என்ன செய்ய முடியும், சொல்லுங்க” என்றார் அதிகாரி. நிராகரிக்கப்பட்டது என்று எழுதினார். வெளியே வேப்ப மரத்தடியில் அம்மா புதுப் புடவையில் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பஸ் ஸ்டாப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். அந்த நடையை நான் மறக்க மாட்டேன். அவனை மன்னித்தாலும் அதை மன்னிக்க மாட்டேன், அவனையும் மன்னிக்கவில்லை.

அவன் ஒரு வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டான். கோர்ட் வளாகத்து டீக்கடையில், நான் வருவதைப் பார்த்தும் ஓடாமல் நின்றான். சட்டையைப் பிடித்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் பிடிக்கவில்லை, கை எழவில்லை.

“ஏன்டா?” என்றேன்.

“எங்க வூட்ல ஓடுறது பட்டறக்காரரு பாவுடா. அப்பாவ கூப்புட்டு, பாவ அறுத்து எடுத்துக்கினு போயிடுவேன்னாரு. நான் இன்னா பண்றது?”

“அத எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ நிக்காம இருந்துருப்பியா?”

அப்பாவின் தறிக்காகத்தான் செய்தான் என்று நம்பிவிட அன்றைக்கு எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. டீயைக் குடித்துவிட்டுப் போகும்போது அவனே அதையும் கெடுத்தான். “அடுத்து நகராட்சி எலெக்‌ஷன் வருதுல்ல, எங்க தெரு வார்டு எனக்குன்னு பேசியிருக்காரு. நான் உள்ள போனா ஒனக்கும் நல்லதுதான்டா” என்றான். எனக்கு நல்லதாம். அப்படியே சொன்னான்.

எங்கள் ஊராட்சியில் பட்டறையில் நூல் அலசுகிற காலனிக்காரர் ஒருவர் தலைவரானார். தப்பு சொல்ல முடியாத மனிதர், கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போடுவார். கூட்டத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் பட்டறை முதலாளி உட்காருவார். நகராட்சித் தேர்தல் வந்தபோது என் கூட்டாளியும் ஜெயித்தான். ‘சட்டம் படித்தவர், சாமானியரின் தோழர்’ என்று அவன் சுவரொட்டியில் போட்டிருந்தார்கள். எங்கள் பழைய அறை மாடிப்படிச் சுவரிலும் ஒன்று ஒட்டியிருந்தது. கிழிக்கலாம் என்று நகத்தால் ஓரத்தைச் சுரண்டினேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது, விட்டுவிட்டேன்.

நான் என்ன செய்தேன் என்றால், என் மனுவைத் தள்ளியது செல்லாது என்று தேர்தல் வழக்குப் போட்டேன். வாய்தாவுக்கு வாய்தா அலைந்தேன். பார்த்தவர்களிடமெல்லாம் நகலின் பின்பக்க முத்திரையைக் காட்டிக் கதை சொன்னேன். அந்த மும்முரத்தில் சாயத்தண்ணி வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவே இல்லை. ஒரு வருடம் கழித்து வேறு ஏதோ எண்ணைத் தேடும்போது அது கண்ணில் பட்டது. வழக்கு முடிந்திருந்தது. பரிசீலனை முடிந்த மறுவாரமே அவன் என் கையெழுத்துள்ள அந்த மாற்று வக்காலத்தைக் கொடுத்து முறைப்படி அத்தையின் வக்கீல் ஆகியிருக்கிறான். அடுத்த வாய்தாவில் ‘வாதி வழக்கை நடத்த விரும்பவில்லை’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். தள்ளுபடி.

இப்போது சொல்லப்போவதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. தெருவில் பார்க்கும்போதெல்லாம், “இன்னாப்பா ஆச்சி நம்ம கேஸு?” என்று கேட்பாள். முதல் தடவை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “நடந்துகினு இருக்குது அத்தை” என்றேன். இரண்டாவது தடவை அதைச் சொல்ல அவ்வளவு கஷ்டமாக இல்லை. நாலு வருடம் அப்படியே சொன்னேன். என் தேர்தல் வழக்கு இழுத்துக்கொண்டே போய், தலைவரின் பதவிக்காலமே முடிந்து, கேட்டதற்கு அர்த்தமில்லை என்று அதையும் மூடினார்கள். சாயத்தண்ணி மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது ஊராட்சியில் தலைவர் கிடையாது, தனி அலுவலர் பார்த்துக்கொள்கிறார். தேர்தல் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்கிறார்கள். ஒதுக்கீடு இந்த ஒரு தடவை எங்களுக்குத்தான். விடக்கூடாது என்று முடிவு செய்து, போன மாதம் முதல் ஓட்டாக அத்தை வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லிவிட்டு அவள் தன் மகளைப் பார்த்தாள். நர்சிங் படிக்கிற பெண். போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். எங்கள் வழக்கு எண், கீழே ‘முடிவுற்றது’, தேதி. எல்லாம் அதில் இருந்தது.

“நாலு வருசமா நடந்துகினு கீதுன்னியே, எங்கடா நடக்குது?” என்றாள் அத்தை.

முழுக் கதையையும் சொன்னேன். இழுப்பறை, நகல், முத்திரை, செவ்வாய்க்கிழமை, கறித்துண்டு. அவன் எப்பேர்ப்பட்ட துரோகி என்று அவளும் சொல்வாள், என் பக்கம் வந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். கடைசி வரைக்கும் கேட்டாள்.

“அவன் யாருடா எனக்கு?” என்றாள். “அவன் மூஞ்சகூட சரியா பாத்தது இல்ல. நான் ஒன்ன பாத்துதான் ரேக வச்சேன். நீ எலெக்‌ஷனுக்குப் போறன்னு என்ன அவங்கையில புடிச்சி குடுத்துட்டுப் போன. ஒன்ன அவன் ஏமாத்தினான்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியிற. என்ன ஏமாத்தினது யாரு?”

எனக்கு வாதாடத் தெரியும். அங்கே வாதாடாமல் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வழக்கைப் புதிதாகப் போடலாம் என்றேன். தண்ணி தினமும் வருகிறது, அதனால் தினமும் வழக்குக்குப் புதுக் காரணம் உண்டு, பழைய தள்ளுபடி தடையாக நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பையில் வக்காலத்துத் தாள் இருந்தது, மை டப்பாவும் இருந்தது. எடுத்து வைத்தேன். அத்தை கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

“மொதல்ல நீ எழுது. இந்தக் கேஸு முடியிற வரைக்கும் வேற ஆருக்கும் மாத்திக் குடுக்க மாட்டேன், எந்த எலெக்‌ஷன்லயும் நிக்க மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. அப்புறம் நான் வைக்கிறேன்.”

“அத்தை, இந்த ஒரு வாட்டிதான் நமக்கு…”

“ஒனக்கு” என்றாள்.

மகள் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். அதைத் தொடையில் வைத்துக்கொண்டேன். அம்மா முகம் நினைவுக்கு வந்தது. வரப்பில் நின்று கேட்ட ஓட்டெல்லாம் நினைவுக்கு வந்தது. மற்றவர்களிடம் போய்க்கொள்ளலாம், இவள் ஒருத்தி ஓட்டு இல்லாமலும் ஜெயிக்கலாம் என்றுகூட ஒரு நிமிடம் கணக்குப் போட்டேன். பிறகு எழுதினேன். அவள் சொன்னபடியே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

மகள் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். முடித்துவிட்டுத் தாளைத் திருப்பியும் பார்த்தாள்.

“தேதி போடலையே” என்றாள்.

தேதி இல்லாத உறுதிமொழியை, பழைய வழக்குக்குக் கொடுத்தது என்றும் சொல்லிக்கொள்ளலாம், தேர்தலுக்குப் பிறகு கொடுத்தது என்றும் சொல்லிக்கொள்ளலாம். மறதியில் விட்டேனா, இல்லை என் கை தானாகவே விட்டதா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை மறுபடி வாங்கித் தேதியைப் போட்டேன். அதற்கப்புறம்தான் மடியிலிருந்து கையை எடுத்தாள்.